ஆவடி வீட்டில் பேசக் கூடாத இரண்டு விஷயங்கள்

ஆவடியில் ஒரு குடும்பத்தின் வாட்ஸ்அப் குரூப்புக்கு 'குலதெய்வம் துணை' என்று பெயர். மொத்தம் 17 பேர். கல்யாணப் பத்திரிகை, பிறந்தநாள் கேக், சர்க்கரைக்கு ஆவாரம்பூ கஷாயம் என எல்லாமே வரும். இரண்டு விஷயங்கள் மட்டும் வரக் கூடாது என்று குரூப் அட்மினான அம்மா, 2024 நவம்பரில் கண்டிப்பாக ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டுவிட்டார். ஒன்று, ட்ரம்ப். இன்னொன்று, ஃபேக்டரி.

ட்ரம்புக்கும் ஆவடிக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். அந்த வீட்டில் அப்பா, 'டேங்க் ஃபேக்டரி' என்று ஊர் சொல்லும் கனரக வாகனத் தொழிற்சாலையில் 37 வருடம் வேலை பார்த்து 2022-ல் ரிட்டயர் ஆனவர். அம்மாவின் கடைக்குட்டித் தம்பி, அதாவது பிள்ளைகளுக்கு மாமா, 2006-ல் வேலைக்குச் சேர்ந்து இன்றும் ராணுவ உடைத் தொழிற்சாலையில் தைக்கிறவர். அக்கா அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரத்தில், ஹெச்-1பி விசாவில் சாஃப்ட்வேர் வேலை. தம்பி டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்துவிட்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் சி.என்.சி மெஷின் ஓட்டுகிறார். யாரும் பெயர் போட வேண்டாம் என்றார்கள். ஆவடியில் எந்த செக்‌ஷன் என்று சொன்னாலே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆகவே, வீட்டில் கூப்பிடுகிற முறையிலேயே இங்கேயும் இருக்கட்டும்.

அமெரிக்கத் தேர்தல் முடிவு வந்த அன்று, அதாவது 2024 நவம்பர் 6 அன்று, குரூப்பில் சண்டை மூண்டது. "ஒரு தலைவன்னா இப்படி இருக்கணும். சொன்னதைச் செய்யிறான்" என்று மாமா போட்டார். "முதலாளிக்கு வரியைக் குறைச்ச ஆளு. தொழிலாளிக்கு என்ன செய்வான் மச்சான்?" என்று அப்பா பதில் போட்டார். அங்கிருந்து பேச்சு நழுவி 2021-க்கு வந்தது, 2019-க்குப் போனது, யார் யூனியன் யாரைக் காட்டிக்கொடுத்தது என்பதில் போய் நின்றது. ராத்திரி 11 மணிக்கு அக்கா ஒரு வரி எழுதினார். "எனக்கே இங்க ஓட்டு இல்ல. நீங்க ரெண்டு பேரும் எதுக்கு அடிச்சுக்கிறீங்க?" மறுநாள் காலை அம்மாவின் வாய்ஸ் மெசேஜ் வந்தது.

ஃபேக்டரி சங்கதி புரிய கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஆவடி என்ற பெயரே ராணுவ வாகனங்கள் பற்றிய ஆங்கில வார்த்தைகளின் முதலெழுத்துகள் என்று ஊரில் நிறையப் பேர் சத்தியம் செய்வார்கள். உண்மையில் ஊர்ப் பெயர் ஃபேக்டரிக்கு மூத்தது. 1955 ஜனவரியிலேயே ஆவடி என்ற பெயர் நாடு முழுக்க அடிபட்டது. யு.என்.தேபர் தலைமையில் காங்கிரஸ் மாநாடு இங்கேதான் நடந்தது. காமராஜர் அப்போது முதலமைச்சர். 'சோஷலிச பாணி சமுதாயம்' என்ற தீர்மானத்தை நேரு முன்னிலையில் நிறைவேற்றியது இந்த மண்ணில்தான். அரசாங்கமே பெரிய தொழில்களை நடத்தும், அதில் வேலை கிடைக்கும், அந்த வேலை நிலைக்கும் என்பது அந்தத் தீர்மானத்தின் சாதாரண ஜனங்களுக்கான அர்த்தம். 1961-ல் உடைத் தொழிற்சாலை வந்தது. 1965-ல் ஆவடியில் செய்த முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. 1987-ல் எஞ்சின் தொழிற்சாலையும் சேர்ந்துகொண்டது. டி-72, டி-90, அர்ஜுன் என்று டாங்கிகளின் பெயர் மாறியதே தவிர, 'சென்ட்ரல் கவர்மென்ட் வேலை' என்ற வார்த்தைக்கு இருந்த மரியாதை மாறவில்லை. பெண் கொடுப்பார்கள். பேங்க்கில் லோன் கொடுப்பார்கள். மளிகைக் கடையில் கணக்கு வைப்பார்கள்.

ஃபேக்டரி கேட்டில் எல்லா நிறத்திலும் கொடி உண்டு. நாடு முழுக்க பாதுகாப்புத் துறை ஊழியர்களுக்கு மூன்று பெரிய சம்மேளனங்கள். இடதுசாரிகளின் ஏ.ஐ.டி.இ.எஃப், காங்கிரஸ் வழியில் வந்த ஐ.என்.டி.டபிள்யூ.எஃப், பாரதிய மஸ்தூர் சங்கத்தைச் சேர்ந்த பி.பி.எம்.எஸ். அப்பா செங்கொடி. மாமா மூன்றாவது. ஒர்க்ஸ் கமிட்டி தேர்தல் வந்தால் இரண்டு பேரும் ஒரே வீட்டில் சாப்பிட்டுவிட்டு எதிரெதிர் நோட்டீஸ் கொடுக்கப் போவார்கள். அம்மா இரண்டு டிபன் பாக்ஸிலும் ஒரே எலுமிச்சை சாதத்தைத்தான் கட்டுவார்.

2019 ஆகஸ்டில் அந்த மூன்று கொடியும் ஒன்றாகப் பறந்தன. ராணுவத் தளவாடத் தொழிற்சாலைகளை கம்பெனியாக்கப் போகிறார்கள் என்ற பேச்சை எதிர்த்து ஆகஸ்ட் 20 முதல் ஒரு மாத வேலைநிறுத்தம் அறிவித்தார்கள். பேச்சுவார்த்தைக்குப் பிறகு ஒரு வாரத்துக்குள் நின்றது. 2021 ஜூன் 16 அன்று மத்திய அமைச்சரவை முடிவே எடுத்துவிட்டது. நாட்டில் இருந்த 41 தொழிற்சாலைகளும் 7 அரசு கம்பெனிகளாகப் பிரிக்கப்படும் என்றார்கள். சுமார் 70,000 ஊழியர்கள். மறுபடியும் மூன்று சம்மேளனமும் சேர்ந்து ஜூலை 26 முதல் காலவரையற்ற வேலைநிறுத்தம் என்று அறிவித்தன. ஜூன் 30 அன்று அவசரச் சட்டம் வந்தது. அத்தியாவசியப் பாதுகாப்பு சேவையில் வேலைநிறுத்தம் செய்தால் ஓராண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தூண்டிவிட்டால் இரண்டாண்டு வரை சிறை. ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் அது சட்டமாகவே ஆனது. வேலைநிறுத்தம் நடக்கவில்லை.

அந்த ஜூலை மாதத்தில் அப்பாவும் மாமாவும் ஒரே கேட்டில், ஒரே கறுப்பு பேட்ஜோடு நின்றார்கள். அப்பாவுக்கு அப்போது சர்வீஸ் முடிய ஒரு வருடம்தான் பாக்கி. அவர் வேலைக்குச் சேர்ந்தது 1985-ல். ஆகவே பழைய பென்ஷன். மாமா 2004 ஜனவரி 1-க்குப் பிறகு சேர்ந்தவர். அவருக்குப் புதிய ஓய்வூதியத் திட்டம். மாதா மாதம் சம்பளத்தில் பிடித்து மார்க்கெட்டில் போடுவார்கள். கடைசியில் என்ன வரும் என்பது மார்க்கெட்டைப் பொறுத்தது. பயம் ஒன்றுதான். ஆனால் பயப்பட வேண்டிய வருடங்கள் ஒருவருக்கு ஒன்று, இன்னொருவருக்கு இருபது. ஜெயிலுக்குப் பயந்துதான் உங்க சங்கம் பின்வாங்கியது என்று அப்பா ஒருநாள் சொல்லிவிட்டார். "உங்களுக்கு என்ன மாமா, பென்ஷனோட போயிடுவீங்க" என்று மாமா எழுந்து போனார். நான்கு மாதம் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. 2021 அக்டோபர் 1 அன்று தளவாடத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டது. டேங்க் ஃபேக்டரி, ஆவடியையே தலைமையிடமாகக் கொண்ட ஆர்மர்டு வெஹிக்கிள்ஸ் நிகாம் கம்பெனிக்குப் போனது. உடைத் தொழிற்சாலை, கான்பூரில் தலைமையகம் இருக்கும் ட்ரூப் கம்ஃபர்ட்ஸ் கம்பெனிக்குப் போனது. மாமாவின் கம்பெனியும் மச்சானின் கம்பெனியும் காகிதத்திலும் தனித்தனியாகிவிட்டன.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கம்பெனியானதும் எல்லாம் பாழாகிவிடவில்லை. அதற்கு ஒரு வாரம் முன்புதான் 118 அர்ஜுன் மார்க்-1ஏ டாங்கிகளுக்கு 7,523 கோடி ரூபாய் ஆர்டர் ஆவடிக்கு வந்தது. மாமாவின் பக்கம்தான் நிலைமை வேறு. 2017 முதல் சிப்பாய்களுக்கு வருடம் 10,000 ரூபாய் உடைப் படியாகப் பணமே கொடுக்கிறார்கள். பணம் கையில் இருந்தால் துணி எங்கே வேண்டுமானாலும் தைக்கலாம். 2022 ராணுவ தினத்தில் புதிய டிசைன் போர் உடை அறிமுகமானபோது, அதன் அழகைப் பற்றி டி.வி-யில் பேசினார்கள். மாமா கேட்டது ஒன்றே ஒன்றுதான், 'யார் தைக்கப் போறா?'

இந்தக் கதையை ஒஹாயோவில் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு புரிந்துகொள்வார்கள். அக்கா வசிக்கும் அதே மாநிலத்தில், யங்ஸ்டவுன் நகரத்துக்குப் பக்கத்தில் லார்ட்ஸ்டவுன் என்று ஓர் ஊர். 1966 முதல் ஜெனரல் மோட்டார்ஸ் கார் ஆலை அங்கே இருந்தது. 2017 ஜூலையில் யங்ஸ்டவுன் கூட்டத்தில் பேசிய ட்ரம்ப், வேலைகள் எல்லாம் திரும்பி வரும், வீட்டை விற்காதீர்கள் என்றார். 2019 மார்ச்சில் ஆலை மூடப்பட்டது. அந்தச் செப்டம்பரில் கம்பெனி முழுக்க 40 நாள் வேலைநிறுத்தம் நடந்தும் ஆலை திறக்கவில்லை. அந்த ஊர் இருக்கும் ட்ரம்புல் மாவட்டம் 2012-ல் ஒபாமாவுக்கு ஓட்டுப் போட்டது, 2016-ல் ட்ரம்புக்கு. ஆலை மூடிய பிறகு வந்த 2020 தேர்தலில் யாருக்குப் போட்டது? அப்போதும் ட்ரம்புக்குத்தான்.

வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு இது புதிராகத் தெரியும். ஆவடியில் கறுப்பு பேட்ஜ் குத்திக்கொண்டு தன் கட்சி அரசாங்கத்தை எதிர்த்து கோஷம் போட்டுவிட்டு, அடுத்த தேர்தலில் அதே கட்சிக்கு ஓட்டுப் போட்ட மாமாவுக்கு இதில் ஒரு புதிரும் கிடையாது. "வேலை வேற, நாடு வேற" என்பார்.

அமெரிக்காவில் இந்தப் பிரிவு இப்போது பர்ஸ் வரைக்கும் வந்துவிட்டது. மக்களுக்குப் பொருளாதாரத்தின் மேல் எவ்வளவு நம்பிக்கை இருக்கிறது என்று மிச்சிகன் பல்கலைக்கழகம் மாதா மாதம் ஒரு சர்வே எடுக்கிறது. ஜனாதிபதி மாறிய சில வாரங்களிலேயே, ஜெயித்த கட்சிக்காரர்களின் நம்பிக்கை ஏறுகிறது, தோற்ற கட்சிக்காரர்களின் நம்பிக்கை விழுகிறது. 2016-ல் அப்படி, 2020-ல் தலைகீழாக, 2024-ல் மறுபடியும். சம்பளம் அதே, வீட்டு வாடகை அதே. விலைவாசி ஏற்றம் 2022 ஜூனில் 9.1 சதவிகிதத்தைத் தொட்டபோது ஒரு பாதி அமெரிக்கா பைடனைத் திட்டியது. 2025 மார்ச்சில் ஒரு டஜன் முட்டை சராசரியாக 6.23 டாலருக்கு, அதாவது 500 ரூபாய்க்கு மேல் போனபோது, பறவைக் காய்ச்சலால் கோழிகள் செத்ததுதான் பெரிய காரணம் என்றாலும், இன்னொரு பாதி ட்ரம்பைத் திட்டியது. அக்கா வீடியோ காலில் முட்டை அட்டையைத் தூக்கிக் காட்டினார். "நம்ம ஊர்ல அஞ்சு, ஆறு ரூபாதான்டி" என்று அம்மா வாயைப் பிளந்தார்.

அதுவரை இதெல்லாம் அந்த வீட்டுக்கு டி.வி சீரியல் மாதிரி. 2025 கோடையில் சீரியல் வீட்டுக்குள் வந்தது.

தம்பி வேலை பார்க்கும் பட்டறையில் 18 பேர். பெரிய கம்பெனி ஒன்றுக்கு ஜாப் ஒர்க். கம்பியும் வார்ப்பும் அங்கிருந்து வரும், அளவுக்குக் கடைந்து, துளை போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். பெரிய கம்பெனி அதைச் சேர்த்து அமெரிக்காவுக்கு ஏற்றுமதி செய்கிறது. வாகன உதிரிபாகங்களுக்கு 25 சதவிகித வரியை ட்ரம்ப் அரசு 2025 மே 3 முதல் போட்டது. மற்ற பல இந்தியப் பொருள்களுக்கு ஆகஸ்டில் 25, ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்குவதற்கு தண்டனையாக இன்னொரு 25 என்று ஆகஸ்ட் 27 முதல் 50 சதவிகிதம் ஆனது. திருப்பூர் பனியனும் ஆம்பூர் தோலும் அந்த 50-ல் மாட்டின. உதிரிபாகம் தனி வரிசை என்பதால் 25-ஓடு நின்றது. அம்பத்தூருக்கு அதுவே போதும்.

வரி என்பது பேப்பரில் அமெரிக்க இறக்குமதியாளர் கட்டுவது. நடப்பில், அவர் பெரிய கம்பெனியிடம் விலையைக் குறைக்கச் சொல்வார். பெரிய கம்பெனி பட்டறைக்காரரிடம் 'ரேட்டைக் கொஞ்சம் பாருங்க' என்று சொல்லும். பட்டறைக்காரர் கரன்ட் பில்லைக் குறைக்க முடியாது, மெஷின் லோன் தவணையைக் குறைக்க முடியாது. குறைக்கக்கூடியது ஓ.டி மட்டும்தான். ஜூன் மாதம் தம்பிக்கு ஓ.டி பாதியானது. ஆகஸ்டில் நைட் ஷிப்டே நின்றது. மாதம் 26,000 பார்த்துக்கொண்டிருந்தவர் கைக்கு 18,000 வந்தது. பைக் தவணை மட்டும் அதே 4,200.

எஸ்டேட்டில் ஒரு நூதனம் உண்டு. டன்லப் டயர் ஆலை மூடி எத்தனையோ வருடமாயிற்று. பஸ்ஸில் இன்றைக்கும் 'டன்லப் ஒண்ணு கொடுங்க' என்று டிக்கெட் கேட்கிறார்கள். அங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கு ஆலை மூடுவது என்பது பாடப்புத்தகத்தில் படிக்கிற விஷயம் அல்ல.

தம்பியின் கோபம் ட்ரம்ப் மேல் போகவில்லை. பட்டறையில் 18 பேரில் 7 பேர் பீகார், ஒடிசாவிலிருந்து வந்தவர்கள். மெஷினுக்குப் பின்னாலேயே ரூம் எடுத்துத் தங்கியிருப்பவர்கள். ஓ.டி வெட்டியபோது ஓனர் அவர்களில் இரண்டு பேருக்கு மட்டும் தொடர்ந்து கொடுத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் தம்பி வெடித்தார். "இந்திக்காரனுங்க வந்து ரேட்டையே கெடுத்துட்டானுங்க. 12 மணி நேரம் நின்னா 500 ரூபா போதும்கறானுங்க. நாம எப்படிப் பொழைக்கிறது?"

அப்பா உடனே பதில் சொல்லவில்லை. ரசத்தை ஊற்றிக்கொண்டு, பிறகு சொன்னார். "உங்க அக்காவைப் பத்தி அங்க இதைத்தான்டா சொல்றாங்க."

"அக்கா படிச்சிட்டுப் போயிருக்கு. அது வேற."

"அவங்க சொல்ற வார்த்தை அதேதான். இந்தியாக்காரங்க குறைஞ்ச சம்பளத்துக்கு வந்து வேலையைப் புடுங்கிட்டாங்கன்னு."

அம்மா குறுக்கிட்டு அப்பளம் வைத்தார். ஆனால் பேச்சு அதோடு முடியவில்லை. அக்கா ஏற்கெனவே ஒரு கதை சொல்லியிருந்தார். கொலம்பஸிலிருந்து ஒரு மணி நேரக் கார் பயணத்தில் ஸ்ப்ரிங்ஃபீல்டு என்று ஒரு நகரம். ஆலைகள் போன பிறகு ஜனத்தொகை குறைந்துகொண்டே வந்த ஊர். பிறகு புதிய தொழிற்சாலைகளும் கிடங்குகளும் வந்து ஆள் தேவைப்பட்டபோது, ஹெய்ட்டி நாட்டிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் சட்டப்படியே வந்து சேர்ந்தார்கள். ஆள் வந்ததும் வாடகை ஏறியது. ஆஸ்பத்திரியில் க்யூ நீண்டது. ஊர்க்காரர்களின் எரிச்சலில் அந்த அளவுக்கு நியாயமும் இருந்தது. அதற்கு மேல், 2024 செப்டம்பர் 10 அன்று ஜனாதிபதி வேட்பாளர்கள் விவாதத்தில், அவர்கள் ஊர்க்காரர்களின் நாய் பூனைகளைச் சாப்பிடுகிறார்கள் என்று ட்ரம்ப் சொன்னார். நகர நிர்வாகம் அப்படி எந்த ஆதாரமும் இல்லை என்றது. அடுத்தடுத்த நாள்களில் வெடிகுண்டு மிரட்டல் வந்து பள்ளிக்கூடங்களை மூட வேண்டியதாயிற்று.

"நம்ம ஊர்ல மட்டும் என்ன?" என்றார் அப்பா. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியதை நினைவுபடுத்தினார். பீகார் அரசு ஒரு குழுவையே அனுப்பிப் பார்த்தது. தமிழக போலீஸ் வீடியோக்கள் போலி என்று நிரூபித்தது. ஆனாலும் அந்த வாரம் எஸ்டேட்டில் பல பட்டறைகளில் மெஷின் ஓட்ட ஆளில்லை, ஓனர்கள் டீக்கடையில் நின்று புலம்பினார்கள். தம்பிக்கே அது ஞாபகம் இருக்கிறது. அந்த வாரம் அவருக்கு டபுள் ஷிப்ட்.

தம்பி ஒத்துக்கொண்டாரா? இல்லை. "நீங்க பேசுவீங்க. உங்களுக்குப் பென்ஷன் வருது" என்று தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். நான்கு வருடம் முன்பு மாமா சொன்ன அதே வாக்கியம். அப்பாவின் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது என்று அம்மா பிற்பாடு சொன்னார்.

செப்டம்பர் இரண்டாவது வாரம் அக்கா ஊருக்கு வந்தார். அப்பாவுக்கு வலது கண்ணில் புரை. 22-ம் தேதி திங்கட்கிழமை ஆபரேஷன். கூட இருந்து பார்த்துக்கொண்டு, அக்டோபர் முதல் வாரம் திரும்புவதாகத் திட்டம். 20-ம் தேதி புரட்டாசி முதல் சனிக்கிழமை. அம்மா விடியற்காலை எழுந்து தளிகைக்கு அரிசி களைந்துகொண்டிருந்தபோது அக்காவின் போன் அடிக்க ஆரம்பித்தது.

வெள்ளிக்கிழமை வாஷிங்டனில் ட்ரம்ப் ஓர் உத்தரவில் கையெழுத்துப் போட்டிருந்தார். ஹெச்-1பி விசா விண்ணப்பத்துக்கு இனி 1,00,000 டாலர் கட்டணம். நம் பணத்தில் ஏறக்குறைய 88 லட்சம். ஞாயிறு நள்ளிரவு முதல், இந்திய நேரப்படி ஞாயிறு காலை ஒன்பதரை மணி முதல் அமல். யாருக்கு? ஏற்கெனவே விசா வைத்திருந்து, ஊருக்கு வந்திருப்பவர்களுக்குமா? உத்தரவைப் படித்த வக்கீல்களுக்கே தெரியவில்லை. பெரிய அமெரிக்க நிறுவனங்கள், வெளிநாட்டில் இருக்கும் தங்கள் ஊழியர்களை உடனே திரும்பி வரச் சொல்லி மெயில் அனுப்பின. அக்காவுக்கும் அப்படி ஒரு மெயில். நாளைக் காலை ஒன்பதரைக்குள் அமெரிக்க மண்ணில் இருக்க வேண்டும்.

கையில் இருந்தது 26 மணி நேரம். டிக்கெட் விலை ஒவ்வொரு முறை பக்கத்தைத் திறக்கும்போதும் ஏறியது. வளைகுடா வழியாகப் போகும் விமானம் ஒன்றில், பத்தரை மணிக்கு, கடைசி சீட்டுகளில் ஒன்று கிடைத்தது. 1,64,000 ரூபாய். அக்காவின் கார்டில் லிமிட் போதவில்லை. பாதிப் பணத்தை மாமா தன் கார்டில் போட்டார். அம்மா போன் செய்து கால் மணி நேரத்தில் செகண்ட் ஹேண்ட் மாருதியோடு வாசலில் நின்றதும் அவர்தான்.

வடை இன்னும் தட்டவே இல்லை. அக்கா பெருமாளுக்குக் கும்பிடு போட்டுவிட்டு ஓடினார். அம்மா பாதி வெந்த சுண்டலை ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தார். அப்பா காருக்கு வரவில்லை. கண் மறைக்கிறது, படியில் இறங்க முடியாது என்று காரணம் சொன்னார்.

ஆவடியிலிருந்து பூந்தமல்லி வழியாக மீனம்பாக்கம். பூந்தமல்லியில் மெட்ரோ பாலத்துக்குக் கீழே கம்பெனி பஸ்கள் வரிசையாக நின்றன. அவற்றில் பல, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஐபோன் செய்யும் ஃபாக்ஸ்கான் ஆலைக்குப் பெண்களை ஏற்றிப் போகிறவை. ஒஹாயோவில் மூடப்பட்ட அந்த லார்ட்ஸ்டவுன் கார் ஆலையை 2022-ல் வாங்கியதும் இதே ஃபாக்ஸ்கான்தான். உலகம் எவ்வளவு சின்னது என்று வியக்கிற மனநிலையில் அந்தக் காரில் யாரும் இல்லை.

போரூர் தாண்டும் வரை மாமா பேசவில்லை. பிறகு சொன்னார். "அவங்க ஊர் வேலையை அவங்க ஆளுங்களுக்குக் கேக்குறாங்க. அது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன்மா. ஆனா, ராத்திரியோட ராத்திரி சொல்லலாமா?"

"உங்களுக்கும் அப்படித்தானே மாமா ஆர்டினன்ஸ் வந்துச்சு?" என்றார் அக்கா.

மாமா ஹாரன் அடித்தார். முன்னால் வண்டி எதுவும் இல்லை.

விமானம் இறங்கி போனை ஆன் செய்தபோது அக்காவுக்கு விஷயம் தெரிந்தது. வெள்ளை மாளிகை சனிக்கிழமையே விளக்கம் கொடுத்துவிட்டது. கட்டணம் புதிய விண்ணப்பங்களுக்கு மட்டும், ஒரே ஒரு முறை மட்டும், ஏற்கெனவே விசா வைத்திருப்பவர்கள் போய் வரலாம். அவர் ஆகாயத்தில் இருந்த நேரத்தில் வந்த விளக்கம். போன டிக்கெட் பணம் போனதுதான். திங்கட்கிழமை அப்பாவின் ஆபரேஷனுக்கு மாமா அரை நாள் லீவு போட்டுக் கூட இருந்தார். சொட்டு மருந்தை நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை விடும் பொறுப்பு தம்பிக்கு. நைட் ஷிப்ட் இல்லாததால் ராத்திரியில் அவர் வீட்டில்தான் இருந்தார்.

அதன் பிறகு மாமா ட்ரம்ப் கட்சியை விட்டுவிட்டார் என்று நினைத்தால் தவறு. நினைப்பு அவ்வளவு சுலபத்தில் மாறுகிற வஸ்து அல்ல. "அந்த உத்தரவை எழுதின அதிகாரிங்க சரியா எழுதல" என்பது அவர் கட்சி. அப்பாவும் சும்மா இருக்கவில்லை. சோவியத் வழியில் வந்த டி-72-ஐப் பூட்டியவர் என்ற உரிமையில், ரஷ்ய எண்ணெய் வாங்கினால் இவனுக்கு என்ன என்று தினமும் டி.வி-யோடு பேசுவார்.

அக்டோபர் 1 அன்று அமெரிக்க அரசாங்கமே மூடிக்கொண்டது. இங்கே இருப்பவர்களுக்கு இதைப் புரியவைப்பது கஷ்டம். நம் ஊரில் பட்ஜெட் நாடாளுமன்றத்தில் தோற்றால் ஆட்சி கவிழும். சம்பளம் நிற்காது. அங்கே ஜனாதிபதி வேறு, நாடாளுமன்றம் வேறு. செலவு மசோதாவுக்கு செனட்டில் 100-க்கு 60 ஓட்டு வேண்டும். மருத்துவக் காப்பீட்டு மானியத்தை நீட்டிக்காமல் ஓட்டுப் போட மாட்டோம் என்றது ஜனநாயகக் கட்சி, முதலில் அரசைத் திற என்றது குடியரசுக் கட்சி. ஆட்சி கவிழாது. ஆனால் பணம் நின்றுவிடும். நவம்பர் 12 வரை 43 நாள். அதுவரை அந்த நாட்டு வரலாற்றிலேயே நீளமான மூடல். பல லட்சம் மத்திய அரசு ஊழியர்கள் சம்பளம் இல்லாமல் இருந்தார்கள். அதில் பாதிப் பேர் சம்பளமே இல்லாமல் வேலைக்கும் போக வேண்டியிருந்தது.

இதைக் கேட்டு அந்த வீட்டில் அதிகம் அதிர்ந்தது அம்மாதான். "சென்ட்ரல் கவர்மென்ட்ல சம்பளம் நிக்குமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அவருடைய கல்யாணமே அந்த ஒரு நம்பிக்கையில் நடந்தது.

அக்காவின் அப்பார்ட்மென்ட்டில் எதிர் வீட்டுப் பெண்மணி விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனை வேலையில் இருக்கிறார். தனியாக இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறவர். காரின் பின்னால் ட்ரம்ப் ஸ்டிக்கர். சம்பளம் இல்லாமல் தினமும் காலை நாலு மணிக்கு வேலைக்குப் போய் வந்தார். மாடி வீட்டுக்காரர் சமூக நல அலுவலகத்தில் வேலை, ஜனநாயகக் கட்சி. இரண்டு பேருக்குமே வாடகை பாக்கி. இரண்டு பேரும் லிஃப்டில் பேசிக்கொள்வது இல்லை. நவம்பர் முதல் வாரம் எதிர் வீட்டுப் பிள்ளைகளை அக்கா இரண்டு மூன்று நாள் சாயந்திரம் தன் வீட்டில் வைத்துக்கொண்டார். தோசை வார்த்துக் கொடுத்தார். அந்தப் பெண்மணி நன்றி சொல்லிவிட்டு, கொஞ்சம் தயங்கி, "உன் விசா என்னாச்சு?" என்று கேட்டாராம். இருக்கிறது என்றதும் "நல்லது" என்றாராம். ஸ்டிக்கர் இன்னும் காரில் இருக்கிறது. அக்காவுக்கு அவரைப் பற்றி என்ன நினைப்பது என்று தெரியவில்லை. மாமாவிடம் சொன்னபோது, அவர் மட்டும் "நல்ல பொம்பளையா இருக்காங்களே" என்றார்.

அம்பத்தூர் பட்டறையில் தீபாவளிக்கு போனஸ் பாதிதான் வந்தது. பெரிய கம்பெனி ஐரோப்பாவுக்கு வேறு ஒரு பார்ட் ட்ரை செய்கிறது என்றும், ஆர்டர் உறுதியானால் நைட் ஷிப்ட் திரும்பும் என்றும் ஓனர் சொல்லியிருக்கிறார். பீகார் ஆள்களில் மூன்று பேர் தீபாவளி, சத் பண்டிகைக்கு ஊருக்குப் போனவர்கள் திரும்பி வரவில்லை. சந்தோஷப்பட வேண்டிய தம்பி, இரண்டு மெஷினை ஒரே ஆளாகப் பார்க்க வேண்டியிருப்பதாகப் புலம்புகிறார். அதே சம்பளத்துக்கு.

அப்பாவின் இடது கண்ணுக்கும் இப்போது ஆபரேஷன் செய்ய வேண்டும். டாக்டர் ஜனவரியில் வரச் சொல்கிறார். அக்கா வர முடியாது. வந்தால் விசா ஸ்டாம்பிங், அதற்கு அப்பாயின்ட்மென்ட், அதில் என்ன புது விதியோ என்று பயம். ஆக, மறுபடியும் மாமாதான் கூட இருக்க வேண்டும். ஃபேக்டரி கம்பெனியானபோது, ஊழியர்கள் மத்திய அரசு ஊழியர்களாகவே இருப்பார்கள், கம்பெனிக்கு டெபுடேஷனில் வந்ததாகக் கருதப்படுவார்கள் என்றார்கள். முதலில் இரண்டு வருடம். பிறகு நீட்டித்தார்கள், மறுபடி நீட்டித்தார்கள். அப்போதைய கெடு 2025 டிசம்பர் 31. அதற்கு மேல் என்ன என்ற கடிதம் டெல்லியிலிருந்து வர வேண்டியிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா தேதி கேட்டார். "5-ம் தேதி போட்டுக்கலாமா மச்சான்? உனக்கு லீவு கிடைக்குமா?"

"கிடைக்கும் மாமா. ஜனவரியில நான் கவர்மென்ட் ஆளா, கம்பெனி ஆளான்னு லெட்டர் வரட்டும். எந்த லீவு ரூல்னு பார்த்துட்டுச் சொல்றேன்."